விழாத கை

அன்புச் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாயாடியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், பேனா நகரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன். பதறாமல் படி, அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, இதோ பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு இவர் என்னத்தை இப்படி விழுந்து விழுந்து எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லாமல் ஏன் கடிதத்தில் என்று கேட்பாய். போனில் நீ ஒரு மாதிரி மூச்சை இழுத்தாலே நான் சரி சரி வைக்கட்டுமா என்று வைத்துவிடுகிறேன். இதை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது.

சித்தி போன வாரம் வந்திருந்தாள். அத்தான் நீங்க கம்பி மாதிரி ஆயிட்டீங்க, கண்ணாடியில உங்களைப் பாக்கறீங்களா இல்லையா என்று என்னைத் திட்டிவிட்டு, அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள். நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய் மேல்வீட்டுக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார், காவல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து சார் ஒரு நிமிஷம் வந்து பாருங்க என்று கெஞ்சினார். நான் போகவில்லை. பிரேக்கை எப்படித் தளர்த்த வேண்டும், எந்தச் சாவியைப் போட வேண்டும் என்று வாசற்படியில் நின்றபடியே சொல்லி அனுப்பினேன். லிஃப்ட் வேலையிலேயே நரைத்துப்போன நான் மாடியேறிப் போய் ஒரு ஆளை இறக்கிவிட்டு வந்திருக்க முடியாதா, நர்ஸம்மாதான் அம்மாகூட இருப்பாரே என்று நீ நினைப்பாய். நர்ஸம்மா இல்லை, சுண்டு. நீ ஏற்பாடு செய்து அனுப்பின அந்த அம்மாளை முதல் வாரமே நான் நிறுத்திவிட்டேன். நீ கேட்கும்போதெல்லாம் இப்பதான் போனாங்க என்று சொன்னதெல்லாம் பொய். அவங்ககிட்ட போனைக் குடுங்கப்பா என்று ஒரு தடவை நீ பிடிவாதம் பிடித்தபோது, அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து சத்தம் காட்டினேன். உன்னை ஏமாற்றுவதற்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்ற அந்தக் கிழவனை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாள் மேல் எந்தக் குறையும் இல்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், அம்மா அவரைப் பார்த்து, வாதம் விட்டுவைத்த அந்தப் பாதி வாயால் சிரிக்கவும் செய்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் இருக்கிற கட்டடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டவன் என் வீட்டு மனுஷியைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்கிற திமிர் வேறு.

ராத்திரியில் அம்மாவை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது என்று நான் வாய்தவறிச் சொன்னதற்கு நீ உன் குரலிலேயே ஒரு பாடம் பதிந்து அனுப்பினாயே, அதைக் கேட்டுவிட்டுத் தூங்கறதுக்குக்கூட டியூஷனா என்று அம்மாவிடம் கேலி செய்தேன். ஆனால் செய்துபார்த்தேன். மத்தியானம் அவளுக்கு ஊட்டி முடித்ததும் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, நீ சொன்னபடி முழங்கையை ஊன்றி முன்கையை மட்டும் நிமிர்த்தி வைத்துப் படுப்பேன். தூக்கம் வந்தா கை தானா விழும்ப்பா, விழுந்தா முழிச்சுக்குவீங்க, திரும்ப நிமித்திக்கோங்க, அந்த நடுவுல வர்றதைச் சும்மா பாருங்க, விரட்டவும் வேணாம், அது பின்னாடி போகவும் வேணாம் என்று நீ சொல்லியிருந்தாய். முதலில் கை மூக்கின் மேல்தான் விழுந்தது, கண்ணாடியைக் கழற்றாமல் படுத்து ஒரு நாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் பிடிபட்டது. உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனத்துப்போகும், மூச்சு அதுபாட்டுக்குப் போய்வரும், தெருவில் போகிற வண்டிச் சத்தமும் கேட்கும், ஆனால் அது யாருக்கோ கேட்கிற மாதிரி இருக்கும். தெரியாத முகங்கள் வரும், ஏதோ ஒரு படிக்கட்டு வரும், என் பழைய முதலாளி வந்து கத்திரிக்கோலுக்கு உப்பு போட்டாச்சா என்று ரொம்பக் கவலையாகக் கேட்டுவிட்டுப் போவார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றால் ஜனங்கள் அலறுவார்கள், எனக்கோ வேலை பார்த்த காலத்தில் அதுதான் பிடித்த இடம், பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டால் மேலே இருப்பவனும் கூப்பிட முடியாது, கீழே இருப்பவனும் கூப்பிட முடியாது. அந்த நிம்மதி எனக்குத் திரும்பக் கிடைத்தது. நீ சொல்வது போல அது தியானமோ என்னவோ தெரியாது, எழுந்திருக்கும்போது முகம் கழுவின மாதிரி இருந்தது.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். ஒரு மத்தியானம் அப்படிப் படுத்திருக்கையில் இந்த அறை வந்தது. அம்மாவின் கட்டில் இல்லை, மருந்து வாசனை இல்லை, ஜன்னல் திறந்திருந்தது, தரை கழுவிக் காய்ந்திருந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் நின்று குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், யாரும் சாகவில்லை, யாரும் அழவில்லை. ஆனால் என் நெஞ்சுக்குள் அப்படி ஒரு லேசு. கை விழுந்து விழித்தேன், அவள் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அந்த அறையில் அவள் ஏன் இல்லை என்று எனக்கு உறைத்தது. வந்தது என் தப்பு இல்லை என்று நீ சமாதானம் சொல்லுவாய், அரைத்தூக்கத்தில் என்ன வேண்டுமானாலும் வரும்ப்பா என்பாய். சரி, வந்தது என் தப்பு இல்லை. ஆனால் மறுநாள் நான் அதைத் தேடிக்கொண்டு போனேன், சுண்டு. அவளுக்குச் சீக்கிரம் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதற்காக ஓடிப்போய்ப் படுத்தேன். அதற்கடுத்த நாளும் போனேன். பின்னாடி போகாதீங்க என்று நீ சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது, புரிந்த பிறகும் போனேன்.

அப்படிப் போன ஒரு நாள் கை விழவேயில்லை. நான் விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போய்விட்டிருந்தது. என் கை வைத்தபடியே நிமிர்ந்து நின்றது, நானா இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தேன் என்று பார்த்தால், அம்மா தன் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை விழுந்தால் நான் எழுந்துவிடுவேன் என்று தினமும் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். நான் தூங்கட்டும் என்று பிடித்துக்கொண்டுவிட்டாள். அவள் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கினால் படுக்கை முழுக்க ஈரம். ஏன் மணி அடிக்கலை என்று அதட்டிவிட்டேன், பாவி. கட்டில் கம்பியில் நான் பொருத்திக் கொடுத்த மணிப் பொத்தானை அவள் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். வலது பக்கம் விழுந்துவிட்ட பிறகு அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு கைதான். மணி அடிக்க வேண்டுமானால் என்னை விட வேண்டும், அவள் விடவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அந்த ஈரத்தில் கிடந்து எனக்குக் கை பிடித்திருக்கிறாள்.

துணி மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, அவளை உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவளோடு பேசுவது எப்படியென்று உனக்குத் தெரியும், ஆமாம் என்றால் என் கையில் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு. கோவமா என்று கேட்டேன், இரண்டு அழுத்தினாள். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, இந்தாளு கொஞ்ச நாள் கண்ணுல படாம இருந்தா நல்லாருக்கும்னு உனக்கும் தோணுமா என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை, பட்டென்று ஒரே அழுத்து. அப்புறம் அந்தப் பாதி வாயால் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன். நர்ஸம்மாவைத் திரும்பக் கூப்பிடட்டுமா என்றதற்கு வலிக்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினாள். இத்தனை நாள் நான் அவளைக் கேட்கவே இல்லை பார்த்தாயா, எல்லாம் என் இஷ்டம்தான். நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து வருகிறார், இந்த முறை நீயே அவரிடம் நேராகப் பேசிக்கொள். அவள் சிரித்துவிட்டாள் என்பதால் எனக்கு மனசு சரியாகிவிட்டது என்று நினைக்காதே, அவள் முதுகைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கழுவின தரை ஞாபகத்துக்கு வருகிறது. இப்போதும் மத்தியானம் படுக்கிறேன். ஆனால் இடது கையைத்தான் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன், அது அவளுக்கு எட்டாது. அதற்காக என்னை முறைக்கிறாள்.

மாப்பிள்ளையை ரொம்ப நேரம் குனிந்து வேலை செய்ய வேண்டாமென்று சொல். வாயாடியை லிஃப்ட் கதவு மூடும்போது கையை நீட்டி விளையாட விடாதே, அதை மட்டும் நான் சொன்னதாகக் கண்டிப்பாகச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம், அவள் இப்போது என் கையை ஒரு தடவை அழுத்தினாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வர வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று எழுதுவேன். இந்த முறை அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா