திருத்தாமல் விட்ட பக்கம்

மக்கா,

இந்த வார்த்தை உன்னுடையது. என்னை மட்டுமில்லை, பஸ் டிரைவரையும் வேலை செய்யாத பிரிண்டரையும்கூட நீ மக்கா என்றுதான் கூப்பிட்டாய். கரூர்க்காரியான எனக்கு அப்போது அது வாயில் ஒட்டவில்லை. நீ போன பிறகுதான் ஒட்டியிருக்கிறது.

இன்று மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆமாம், இப்போது நான் ஆராய்ச்சி மாணவி, திருத்துகிற பக்கத்துக்கு வந்துவிட்டேன். தாளையெல்லாம் ஸ்கேன் செய்து திரையில் வைத்துத்தான் திருத்துகிறோம். ஒரு தாளில் பின்பக்கத்து மையின் நிழல் தெரிந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளை என்று உடனே தெரிந்துவிட்டது. ஓரத்தில் ஸ்கேல் வைத்து மார்ஜின், ஒவ்வொரு விடைக்கும் அடியில் இரட்டைக் கோடு. இந்த நாட்டில் வேறு யார் இதையெல்லாம் செய்கிறார்கள்? அலமாரியிலிருந்து அசல் தாளை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. படித்து மார்க் போட்டுவிட்டேன். விதிப்படி பின்பக்கத்துக்கு மார்க் போடக் கூடாது, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு தாளும் ஓடவில்லை. காபியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டுட்கார்ட்டில் அந்த மேட்டு விடுதிக்கு நாம் வந்த புதிதில் உனக்கு எல்லாமே வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை மிக்சி போடக் கூடாது, சத்தம் ஆகாது என்று பக்கத்து அறைக்காரன் வந்து சொன்னான். அவனிடம் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம சட்னி தின்னப்பிடாதுன்னு எந்த வேதத்துல மக்கா எழுதியிருக்கு?" என்றாய். பிறகு ஒரு வாரம் அவனைச் சட்னி என்றே கூப்பிட்டாய், அவனுக்கே தெரியாமல்.

அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. விடியும் முன் பார்சல் கிடங்கில் வேலை, அங்கிருந்து நேராக வகுப்பு, சனிக்கிழமை தமிழ்க்கடையில் வேலை. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டியிருக்கும். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாய். சாப்பிட்டாயா என்று கேட்டால், "மடுத்துப் போச்சு மக்கா" என்பாய். யாருக்குத்தான் மடுக்கவில்லை, அலுக்கவில்லை? எனக்கும் அதே வேலை, அதே இருட்டு. எல்லாருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நாகர்கோவிலிலிருந்து உன் அப்பா வீடியோவில் வந்தால் போதும். எழுந்து தலையை வாரிக்கொள்வாய். அவர் போனைத் தெருப் பக்கம் திருப்பி மீன்காரம்மா வரைக்கும் காட்டுவார். "எனக்க மகளாக்கும், ஜெர்மனியில." நீ எல்லாருக்கும் கை காட்டுவாய். போனை வைத்ததும் தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாய்.

கண்ட்ரோல் இன்ஜினியரிங் பேப்பரில் உனக்கு இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் பல்கலைக்கழகத்தில் பெயரை நீக்கிவிடுவார்கள். இந்த நாட்டில் வேறு எங்கும் அந்தப் படிப்பைத் தொடர முடியாது, படிப்பு இல்லையென்றால் விசாவும் இல்லை. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன், பல இடங்களில் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பரீட்சை எழுதிவிட்டு வந்து, "பரவால்ல" என்றாய். முடிவு வந்தபோது கொஞ்ச மார்க்கில் போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு உன்னுடன் நானும் வந்தேன். மன்னாரிலிருந்து அகதியாக வந்து கடை வைத்த அண்ணை, மரவள்ளிக்கிழங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"பேப்பரைப் போய்ப் பாக்கலாம்தானே பிள்ளை? போய்ப் பாத்துக் கேளுங்கோ. இஞ்ச கேட்டாத்தான் தருவாங்கள். நான் எத்தினை ஒஃபிஸிலை கேட்டுக் கேட்டுத்தான் இந்த நாட்டிலை இருக்கிறன்."

"சரி அண்ண."

"சரி எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இருக்க ஏலாது, என்ன?"

அவர் சொன்னது உண்மை. திருத்திய தாளை மாணவருக்குக் காட்ட இங்கே ஒரு நாள் வைப்பார்கள். ஐன்சிஷ்ட் என்று பெயர். திருத்தியவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், இதற்கு ஏன் மார்க் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். நம் ஊரில் அப்படிக் கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். இங்கே கேட்காமல் எழுந்து போகிறவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

உன்னை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே உன்னை மட்டும்தான் விட்டார்கள். நீ நன்றாக வாதாட வேண்டும், நேரமெடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடைபாதையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் ஷூ கயிறு கட்டி முடிப்பதற்குள் நீ வெளியே வந்துவிட்டாய். டிராம் நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய். பிறகுதான் சொன்னாய்.

"ஒரு பெரிய கணக்கு பின்பக்கம் போட்டிருந்தேன் பாத்துக்கோ. அதுல செவப்பு மையே படல்ல."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற அம்மையார் நாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார். திரும்பிப் போகலாம் வா, இன்னும் நேரமிருக்கிறது என்று உன் கையைப் பிடித்தேன். நீ அசையவில்லை. "ஒரு பக்கம்தான் எழுதணும்னு மொதல் பக்கத்துலயே போட்டிருக்கு. சின்ன வயசுலேருந்து பேப்பர மிச்சம் புடிச்சுப் பழகியாச்சு, கை தன்னால திருப்பிட்டு. தப்பு எனக்கதுதான்." டிராமில் நான் அழுதேன். நீ ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாய். அப்படி அடித்துப்போட்டாற்போல நீ தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீ ஊருக்குத் திரும்பியபோது உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. எழுதிய விடையைப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள் என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நீ பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாய். பிள்ளைகள் ஜெர்மனி டீச்சர் என்று பெயர் வைத்தார்களாம்.

என் தங்கை கல்யாணத்துக்குக் கரூர் வந்துவிட்டு உன்னைப் பார்க்க வந்தபோது உன் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். முகத்தில் சதை போட்டிருந்தாய். பழைய வாய் திரும்ப வந்திருந்தது, டீக்கடைக்காரரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க மக்கா. அதான் கேக்கல்ல."

ஏன் என்றேன்.

"நானா வாறேன்னு சொன்னா வீட்டுல விடுவாங்களா? பெயிலுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா. அந்தப் பக்கத்தக் கண்டதும் அழுகதான் வரும்னு நெனச்சேன். ஒரே நிம்மதி. பயந்துபோய் டக்குன்னு எந்திரிச்சிட்டேன், அவருபாட்டுக்கு திருப்பிப் பாத்துட்டாருன்னா?" அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மைக்கிட்ட சொல்லிராத" என்றாய்.

எனக்கு வந்தது கோபம். உனக்காக டிராமில் அழுதவள் நான். பிறகு யோசித்தால் அது கோபம்கூட இல்லை, பொறாமை. நான் மட்டும் அங்கே என்ன குதித்துக்கொண்டா இருந்தேன்? நீ வெளியே வந்துவிட்டாய், எனக்கு வரத் தெரியவில்லை, அவ்வளவுதான். பள்ளி மணி அடித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து ஓடினாய்.

அந்த மழைக்காலத்தில்தான் டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாயாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கண் திறக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது நான் இங்கே ஆய்வகத்தில் இருந்தேன். டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் அம்மா இப்போது என்னிடம்தான் பேசுகிறார். சாப்பாடு, குளிர், கல்யாணம் என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

"மக்ளே, அந்தப் பக்கத்த மட்டும் அவனுவ திருப்பிப் பாத்திருந்தா எனக்க பிள்ள அங்கனயே இருந்திருப்பா. இந்தக் காய்ச்சல் வந்திருக்காது. இல்லியா?"

நான் என்ன சொல்ல மக்கா? நீயாகத்தான் வந்தாய், சந்தோஷமாக வந்தாய் என்று சொல்லலாம். சொன்னால் அந்தச் சந்தோஷத்தை அவர் கேட்பாரா, இல்லை, வருகிறேன் என்று தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் மகள் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தாள் என்பதை மட்டும் கேட்பாரா? இப்போது திட்டுவதற்கு அவருக்கு யாரோ வெளியாட்கள் இருக்கிறார்கள். அவர்களையும் பிடுங்கிக்கொண்டால் திட்டுவதற்கு மிச்சம் அவரும் உன் அப்பாவும்தான். ஆமாம்மா, அவங்க பார்க்கலை என்கிறேன். அவர் திட்டுகிறார், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

திட்டி, அழுது, மூக்கைச் சிந்திவிட்டுப் போனை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்: "நீயாவது அங்கனயே இரு மக்ளே. வந்துராத."

சரிம்மா என்கிறேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் மக்கா. அதைச் சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய்.