ஹீட்டர் பக்கத்து இடம்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் குளிர்கால உடைகளை வாங்கிப்போக உங்கள் அக்கா வந்திருந்தார். மூட்டை கட்டிக் கொடுத்தேன். அதோடு அவர் கிளம்பியிருக்கலாம்.

"வீடே ஐஸ்பெட்டியா கெடக்கு, இதுல பிள்ளைங்களுக்குக் கவிதை ஒரு கேடா? பேசாம அவன்கிட்ட அனுப்பிடு" என்றார்.

ஆமாம், கவிதைதான். எங்களிடம் இருப்பது ஒரே ஹீட்டர். குளிரைப் பற்றிப் புதிதாக ஒரு கவிதை சொல்பவருக்கே அதன் பக்கத்து இடம். அடுத்தவர் சொல்லும்வரை அனுபவிக்கலாம். நீங்கள் எங்களைப் பிரிந்து போன பிறகு நாங்கள் மூவரும் போட்ட சட்டம் இது. பஸ் ஓட்டிவிட்டு விறைத்த விரல்களோடு வரும் எனக்கும் சலுகை கிடையாது.

உங்கள் அக்கா நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். சின்னவன் விடுவானா?

"அத்தை, கவிதை சொல்லாம அங்க உக்காரக் கூடாது!"

அத்தை முறைத்தார். அப்போது பெரியவள் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பாவோட கையுறை ஒண்ணு,
என் ரெண்டு கையும் உள்ளே,
இன்னும் இடமிருக்கு."

உங்கள் அக்கா எழுந்து அவளுக்கு இடம் விட்டார். பிள்ளைகளை அனுப்பும் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

நானும் எடுக்க விடமாட்டேன். என் பிள்ளைகள் எங்கேயும் போகமாட்டார்கள். மூட்டையில் ஒரு கையுறைதான் இருக்கும், இன்னொன்றைத் தேடாதீர்கள். வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், கதவைத் திறக்கிறேன். ஆனால் ஹீட்டர் பக்கத்தில் உட்கார நீங்களும் ஒரு கவிதை சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
இன்று கவிதை வராமல் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்
பஸ் டிரைவர்