லெட் என்ற சொல்லும் சவுக்குத்தோப்புப் பாதையும்

பேத்தியின் பாஸ்போர்ட் நேற்றுத் தபாலில் வந்தது. பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஆயுள் முழுக்க டைப் அடித்தவன், பிழை பார்ப்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். பெயர் சரியாகத்தான் இருந்தது. உள்ளே அச்சிட்டிருந்த ஆங்கில வாசகத்தில் கண் நின்றுவிட்டது. 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்.' இதை வைத்திருப்பவரைத் தடுக்காமல் போக விடுங்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொள்கிறது. மூடி அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். மச்சான், நீ போய்ச் சேர்ந்து இரண்டு ஐப்பசி முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறுபதுகளில் மஞ்சக்குப்பத்து வக்கீல் ஆபீஸ் ஒன்றில் நாம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கடற்கரைக் குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் டைப்பிஸ்ட். நீ சிதம்பரம் கீழவீதியிலிருந்து காலைப் பாசஞ்சரில் வரும் குமாஸ்தா, இங்கிலீஷ் பி.ஏ. உனக்கு முன்னால் உன் பி.ஏ. நடந்து வரும். "சந்தேகம்னா என்னக் கேளு மச்சான், டிக்சனரியத் தொந்தரவு பண்ணாத" என்பாய். சாயங்காலம் ஆபீஸ் கொல்லையில் பூப்பந்து ஆடுவோம். சர்வீஸ் பந்து வலையில் உரசினால் முதலில் 'லெட்' என்று கத்துவது நீதான். எதற்கு அப்படிக் கத்துகிறோம் என்று நம் இருவரில் ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் குப்பத்திலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதை ஒரு சவுக்குத் தோப்பின் வழியே போனது. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரத்தில் அந்த உரிமை இருந்தது. தோப்பைப் புதிதாக வாங்கியவர் வேலி போட, வழக்காகி, கடைசியில் இரு தரப்பும் பேசி ராஜிக்கு வந்தார்கள். பழைய வாசகத்தை அப்படியே எடுத்து ராஜிப் பத்திரத்தில் அடிக்கச் சொல்லிவிட்டு, குப்பத்துக்காக ஆஜரான நம் வக்கீல் மதராஸுக்குப் போய்விட்டார்.

அடித்துக்கொண்டே வந்தவன் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்ற வரியில் நின்றேன். "லெட்டுன்னா விடுறதுதானே? வித்தவுட் லெட்டுன்னா விடாமன்னு ஆவுதே. தப்பா இருக்குமோ?" என்று உன்னைக் கேட்டேன். நீ கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாய். தெரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. "பழைய குமாஸ்தா எவனோ சொதப்பிட்டான். நல்ல இங்கிலீஷா வித் பர்மிஷன்னு போடு" என்றாய். போட்டேன்.

மறுநாள் குப்பத்துத் தலைவராக என் அப்பா வந்தார். தமிழில் படித்துச் சொன்னது நான். 'அனுமதியோடும் தடையின்றியும்' என்றதும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "நம்ம பாதைக்கு நாம யார்ட்ட அனுமதி கேக்கணும்?" என்றார். "பழைய பத்திரத்துல இருக்கறதுதாம்பா" என்றேன். மகன் சொன்னால் சரி என்று பெருவிரலை நீட்டினார். மை தடவி, பிடித்து அழுத்தியது நான்தான். மதராஸிலிருந்து வந்த களைப்பில் வக்கீலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் போகவில்லை, தோப்பில் கேட் வந்துவிட்டது. அனுமதி என்று எழுதியிருக்கிறதே, கேட்டுவிட்டு வா என்றார்கள். கேட்டால் இல்லை என்றார்கள். மீன் கூடைக்காரப் பெண்கள் முகத்துவாரம் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் கண் வெளுத்துவிடும்.

நீ ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு வந்தாய். முகம் செத்துப்போயிருந்தது. "ரெண்டு வேற வேற சொல்லு மச்சான். ஒண்ணு விடுறது. இன்னொண்ணு லேட்டுங்கற சொல்லுக்குப் பங்காளி, தாமசப்படுத்தறது, தடுக்கறது. நாளாவ நாளாவ ரெண்டும் ஒரே எழுத்துல வந்து நின்னுடுச்சி, நம்ம ஏறுற படியும் படிக்கிற படியும் மாதிரி. வலையில தடுத்த பந்துக்குத்தான் நாம தெனம் லெட்டுன்னு கத்தியிருக்கோம்" என்றாய். பிறகு, "வக்கீல்ட்ட சொல்லிடுவோம்" என்றாய்.

"சொன்னா என் வேல போயிடும். உனக்கு பி.ஏ. இருக்கு" என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு. நீ வக்கீல் அறைக்குள் போய், தப்பு முழுக்க உன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்தாய். அன்றோடு உன்னை அனுப்பிவிட்டார்கள். திருத்தச் சொல்லி மனுப் போட்டார்கள். தோப்புக்காரர் மசியவில்லை. கேட் பல வருஷம் நின்றது.

நீ சிதம்பரத்தில் டியூட்டோரியலில் பாடம் எடுத்துக் காலம் தள்ளினாய். எங்கள் குப்பத்தில் உன்னைச் 'சிதம்பரத்தான்' என்று சொல்லி மண்ணை வாரித் தூற்றினார்கள். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா உன்னைத் திட்டுவாள். "படிச்சவன் பண்ற வேலையா இது? அவன் வெளங்குவானா?" பக்கத்தில் உட்கார்ந்து நான் சோறு தின்றுகொண்டிருப்பேன். கேள்வியைக் கிளப்பியவன் நான், அடித்தவன் நான், அப்பாவிடம் பொய்யாக உறுதி சொன்னவனும் நான். ஒருநாள்கூட வாயைத் திறக்கவில்லை.

அம்மா போகும்வரை உன்னை மன்னிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லி அழத்தான், நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்ததுமே நீ கையை அசைத்தாய். "விடு மச்சான்" என்றாய்.

வசதியாக நானும் விட்டுவிட்டேன். நீ விட்டது பெருந்தன்மை, நான் விட்டது கோழைத்தனம். குப்பத்தில் இன்றைக்கும் யாராவது அந்தப் பாதையைப் பற்றிப் பேசினால் உன்னைத்தான் திட்டுகிறார்கள், நான் தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன்.