சாந்தமானவள் என்ற பெயர்

அத்லிஸ்கோ, மெக்சிகோ
ஞாயிறு, அக்டோபர் 12

அன்புள்ள தங்கை டெல்லாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நாற்பது கள்ளி மடல்களுக்கு முள் சீவினேன். மடத்துச் சமையலறையில் இப்போது அது என் பொறுப்பு. நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று எழுது.

இங்கே வந்து பதினொரு மாதம் ஆகிறது. மாதம் ஒரு கடிதம் தவிர ஆங்கிலமே கூடாது என்று மடத்துத் தலைவி மதர் ரெஃபூஹியோ முதல் நாளே சொல்லிவிட்டார். காதில் விழுந்து விழுந்துதான் ஸ்பானிஷ் வரும் என்றார். வந்திருக்கிறது, டெல்லா. அவர்கள் பேசுவது ஏறக்குறைய எல்லாம் புரிகிறது. பதில்தான் வாயில் வருவதில்லை. பதினெட்டு வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவளிடம் மிச்சமிருப்பது 'சரி', 'நன்றி', 'செய்கிறேன்'. மற்றதற்கெல்லாம் சிரித்து வைக்கிறேன். அதனால் இங்கே எனக்குச் சாந்தமானவள் என்று பெயர்.

சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் சாயோ போன வாரம் எல்லோர் முன்னும் சொன்னாள்: "இவளுக்கும் கோபம் வரும்ங்க. அகராதியப் புரட்டறதுக்குள்ள ஆறிடுது, அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என்னைச் சரியாகப் பார்த்திருப்பது அவள் ஒருத்திதான், அதுவும் வேடிக்கைக்கு.

ஆகஸ்டில் நடந்த ஒன்றை உனக்கு எழுதவில்லை. நாங்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் தோன் அபுந்தியோ என்று ஒருவர், பேச்சு நின்றுபோனவர். நாள் முழுக்க ஜன்னல் வழியாக எரிமலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நன்கொடை தரும் குடும்பத்துத் தாயாருக்கு அந்த ஜன்னலோர இடம் தேவைப்பட்டது. தோன் அபுந்தியோவின் கட்டிலை உள்சுவர் ஓரமாக நகர்த்தச் சொன்னார்கள். தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு மூன்று வார்த்தைகள்கூட இருந்தன. உச்சரிப்பு கோணிவிடுமோ என்று வெட்கப்பட்டு நின்றேன். பிறகு கட்டிலைத் தள்ளியதும் நான்தான். இப்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தினமும் சோளக்கஞ்சி ஊட்டுகிறேன். வாய் திறக்கிறார், முகத்தைத் திருப்புவதில்லை.

செவ்வாயன்று என்னை முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற உறுதிமொழிக்கு, ஏற்பதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். எதிராக ஒரு வாக்குகூட இல்லை. மதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மகளே, ஒரு வருஷமா நீ எதையும் எதிர்த்துப் பேசல. கட்டிலத் தள்ளுன்னதும் தள்ளின. இங்க இருக்கிற வாயாடிங்க உன்னப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அதனால்தான் கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அன்றுதான், நான் இங்கே கிளம்பியபோது வீட்டை விற்காதே என்று நீ வாசலில் நின்று கத்தியதை நினைத்துக்கொண்டேன். கத்துகிற ஒருத்தியின் அருமை இங்கே வந்தபின் தெரிகிறது.

வார்த்தைப்பாடு கேட்கிறவள் தன் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதி எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். என் முறை வருகிற சனிக்கிழமை. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சிஸ்டர் எவுலாலியா அழகான ஸ்பானிஷில் எழுதியே தந்துவிட்டார். 'மௌனத்தில் அமைதியைக் கண்டேன்' என்று அதில் வருகிறது. நான் பார்த்து எழுதினால் போதுமாம்.

பார்த்து எழுதப் போவதில்லை. என் ஓட்டை ஸ்பானிஷிலேயே எழுதுவேன். 'நான் சாந்தமானவள் இல்லை, வார்த்தை இல்லாதவள். தோன் அபுந்தியோவின் கட்டிலை ஜன்னலுக்கே கொண்டுபோகிறேன். இதைக் கேட்ட பிறகும் நான் வேண்டுமா என்று மறுபடி வாக்களியுங்கள்.' இவ்வளவுதான் அதில் இருக்கும். இங்கே ஒருவருக்கும் இன்னும் தெரியாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை கடந்திருக்கும். ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். தெரியாத எண் என்றால் நீ போனை எடுக்க மாட்டாய். கொஞ்ச நாளைக்கு எடு, நானாக இருக்கலாம்.

உன் அக்கா,
லோர்னா