ரஹ்மத் படகில் ஓர் இடம்

காக்களூர்,
5 நவம்பர் 2023

அன்புள்ள கமால் காக்காவுக்கு, தங்கை பத்ருன்னிசா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். போன வாரம்தான் மகன் தாஹாவின் ஊரிலிருந்து திரும்பினேன். போனில் பேசலாம் என்றால், நான் கத்துவது உங்கள் காதுக்குக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். மதினியின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஆம்ஸ்டர்டாமில் இருந்த மூன்று மாதமும் பிள்ளை என்னைக் கப்பல் கப்பலாகக் கூட்டிப்போனான். நம் பழவேற்காட்டுக்கு வந்து மண்ணுக்குள் படுத்திருக்கிறார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் காலத்துச் சரக்குக் கப்பல் மாதிரியே ஒன்றைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே குனிந்து குனிந்தே இடுப்பு போயிற்று. உங்கள் மச்சான் இருந்தபோது விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கப் போய் நெற்றியை இடித்துக்கொண்டேனே, அதே இடத்தில் மறுபடியும் இடித்துக்கொண்டேன்.

அதெல்லாம் நிற்கிற கப்பல். ஒன்று மட்டும் ஓடியது. நூறு வயது தாண்டிய பாய்மரக் கப்பல், நம் ஏரியைப் போலவே பெரிய ஏரி. கப்பலை ஓட்டும் தண்டல் யார் தெரியுமா? ஒரு பொம்பளை. என் வயதுதான் இருக்கும். சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது. தாஹா பயந்தே போய்விட்டான்.

நம் ரஹ்மத்தை நினைத்துத்தான் காக்கா அழுதேன். வாப்பா அதில் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணம் போவார். வாப்பாவும் நீங்களும் திரும்பி வரும்வரை நான் கரையில் நிற்பேன். பெண் கால் பட்டால் படகுக்கு ஆகாது என்று வாப்பா சொல்லிவிட்டார். நான் கொண்டுவரும் சோற்றுக் கூடையைக்கூடத் துடுப்பை நீட்டித்தான் வாங்குவீர்கள். என் நிக்காஹுக்கு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எல்லாரும் ரஹ்மத்தில் பாய் விரித்து வந்து இறங்கினார்கள். கல்யாணப் பெண் நான், பொன்னேரியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் புகுந்த வீட்டுக்குப் போனேன்.

இப்போது வாப்பாவும் இல்லை, விறகும் இல்லை. ஒரே ஒரு தடவை என்னை அதில் ஏரியில் கூட்டிப்போங்கள். சொத்தில் என் பாகத்தைக்கூட நான் உங்களிடம் வாய் திறந்து கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
பத்ருன்னிசா


பழவேற்காடு,
20 நவம்பர் 2023

அன்புத் தங்கை பத்ருன்னிசாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே விடாத மழை. என் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. மதினிக்குச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் கிடக்கிறது, அவளோ திருட்டுத்தனமாக அல்வா தின்கிறாள். உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வெள்ளைக்காரி உன் கையில் சுக்கானைக் கொடுத்தாளாமே. நல்லவேளை, குறுக்கே பாலம் எதுவும் வரவில்லை.

ரஹ்மத்தைக் கேட்டிருக்கிறாய். வாப்பா சொன்னது வாப்பாவோடு போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவர் மௌத்தான நாளிலிருந்து நான் காப்பாற்றி வரும் பேச்சு அது. கட்டிய பெண்டாட்டியைக்கூட நான் அதில் ஏற விட்டதில்லை, அது உனக்கும் தெரியும். ஆனாலும் கூடப்பிறந்தவள் கேட்டுவிட்டாய். மழை நிற்கட்டும், நோன்பு முடியட்டும். பெருநாள் கழிந்து தெற்குக் காற்று எடுத்ததும் சொல்லி அனுப்புகிறேன், வா. நானே பாய் ஏற்றுகிறேன். நெற்றியை மட்டும் பத்திரமாகக் கொண்டு வா.

உன் அண்ணன்,
கமால்


காக்களூர்,
2 மே 2024

கமால் காக்காவுக்கு,

பெருநாள் கழிந்து மூன்று வாரம் ஆகிறது. சொல்லி அனுப்புவீர்கள் என்று பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சேதியும் இல்லை. உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று பதறி, திங்கட்கிழமை நானே கிளம்பினேன். புதுவாயலில் பஸ் மாற இறங்கினேன்.

கம்பெனி ஆட்கள் பிரியாணி சாப்பிட வண்டியை நிறுத்தும் இடத்தில் புதிதாக ஒரு ஹோட்டல். அதன் வாசலில், சிமென்ட் மேடை மேல், ரஹ்மத். பாய்மரம் முழுக்க சீரியல் பல்பு. ஏறிப்போக இரும்புப் படிக்கட்டு. யாருடைய படகோ என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனால் முகப்பில் வாப்பா செதுக்கிய பிறை இருக்கிறது.

கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. "பழவேற்காடு பாய் குடுத்தாரும்மா. மார்கழிலயே லாரில வந்து எறங்கிடுச்சி" என்றார். எனக்கு வாக்குக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, படகு போயிருக்கிறது.

அதோடு போயிருந்தால் வயிற்றெரிச்சலோடு நின்றிருக்கும். சுவர் நிறைய நீங்கள் கொடுத்த போட்டோக்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நடு ஏரியில் ரஹ்மத், சுக்கானைப் பிடித்துக்கொண்டு நீங்கள். உங்களைச் சுற்றிப் பெண்கள். வெள்ளைக்காரிகள், சென்னைக் காலேஜ் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. ஒரு பெண் பாய்க்கயிற்றை இழுக்கிறாள், நீங்கள் சிரித்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஒரு படத்தில் உங்கள் தாடி முழுக்கக் கறுப்பு. "டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கினு சுத்திக் காட்டுவாராம்மா, ரொம்ப வருசமா" என்றார் கல்லாக்காரர்.

ஊரில் போகிறவள் வருகிறவள் எல்லாம் ஏறியிருக்கிறாள். வாப்பாவின் பேச்சு எனக்கும் மதினிக்கும் மட்டும்தானா? அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பதில் எழுதுங்கள். இதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்ருன்னிசா


பழவேற்காடு,
14 மே 2024

தங்கை பத்ருன்னிசாவுக்கு,

உன் கடிதத்தை மதினிக்குக் காட்டவில்லை. நீ எழுதிய வேகத்தில் என் வயதையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

விறகு நின்ற பிறகு அந்தப் படகை வைத்துத்தான் இந்த வீடு சாப்பிட்டது. டூரிஸ்ட் இன்றைக்கு வருவான், நாளைக்குப் போய்விடுவான். அவன் பெண்டாட்டி ஏறினாள் என்று என்னை யார் கேட்பார்கள்? என் வீட்டுப் பெண் நடு ஏரியில் காற்று வாங்கிக்கொண்டு போனால், ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது நான் எப்படி நாலு பேர் முகத்தைப் பார்ப்பேன்? வாப்பா சொன்னதும் வீட்டுப் பெண்களுக்காகத்தான். உனக்கு அது புரியாதது இல்லை.

நீ படகைக் கேட்டு எழுதிய நாளிலேயே ஹோட்டல்காரரோடு பேச்சு முடிந்துவிட்டது. சொன்னால் மனசு ஒடிந்து போவாய் என்று பெருநாள் வரைக்கும் தள்ளினேன். அதற்குள் மறந்துவிடுவாய் என்றும் நினைத்தேன். அடிப்பலகையெல்லாம் உளுத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஓனர் நல்ல மனிதர். படகுக்குள்ளேயே மேசை போட்டிருக்கிறார். உன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து சாப்பிடு, நானும் கூட வருகிறேன். தண்ணீரில் ஏறினால் என்ன, தரையில் ஏறினால் என்ன, ஏறினது ஏறினதுதானே. கோபத்தை விட்டுவிட்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வா. கறி எடுத்து வைக்கிறேன்.

கமால்


காக்களூர்,
27 மே 2024

காக்கா,

அன்றைக்குப் புதுவாயலில் நடந்ததில் ஒன்றை உங்களுக்கு எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்தப் போட்டோக்களை எல்லாம் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. நீங்கள் இப்போது எழுதியிருப்பதைத்தான் நானும் நினைத்தேன். தரையில் நின்றால் என்ன, ரஹ்மத்தானே, ஒரு தரம் ஏறிவிடலாம் என்று படிக்கட்டுக்குப் போனேன். முதல் படியில் கால் வைத்தேன். சர்வர் ஓடி வந்தார்.

"மேல ஃபேமிலியா வந்தவங்களுக்கு மட்டும்தாம்மா. தனியா வந்தா கீழதான் உக்காரணும்."

மரியாதையாகத்தான் சொன்னார். இது எங்கள் வாப்பாவின் படகு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏற்றியிருப்பார்கள், போட்டோகூட எடுத்திருப்பார்கள். ஆனால் அவர்களிடமும் கெஞ்சித்தான் ஏற வேண்டுமா என்று இருந்தது. காலை எடுத்துக்கொண்டேன். கீழே உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். தலைக்கு மேலே யாரோ பிள்ளைகள் பலகை அதிர ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அந்த சர்வர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் வர மாட்டேன். அதற்கடுத்த பெருநாளுக்கும் வர மாட்டேன். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எனக்காகக் கறி எடுத்து வைக்க வேண்டாம்.

பத்ருன்னிசா