ஆன்சர் கீயில் இல்லாத மில்

செவ்வாய், இரவு

பாலக்கோடு விடைத்தாள் முகாமில் பதினொண்ணாம் வகுப்பு உயிரியல் தாள் திருத்தினோம். ரைபோசோமின் வேலை என்ன என்பது கேள்வி. "புரதம் செய்யும். உணவு குறைந்தால் செல் அதை நிறுத்தி வைக்கும், கரும்பு வராவிட்டால் மில் நிற்பது போல" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. முழு மார்க் போட்டேன்.

மேற்பார்வை சார் பேனாவை எடுத்தார். "ஆன்சர் கீயில மில்லு இல்லீங்களே டீச்சர்."

"எழுதினது தப்புங்களா சார்?"

"தப்பில்லீங்க. கீயில இல்ல." ஒரு மார்க்கை அடித்தார்.

அவர் கண்ணெதிரிலேயே திரும்பப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். மெமோ வருமாம். வரட்டும். இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றாத உதாரணம் அது. நாளைக்கு ரைபோசோம் பாடத்தை அந்த மில்லிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். வேண்டுமானால் சாரும் வந்து கடைசி பெஞ்சில் உட்காரட்டும்.