நூற்றாண்டு விழாவும் மேயாத கூரையும்

1955 ஜூன் 12, ஞாயிறு. பாறசாலை

இடவப்பாதி மழை ஓயவில்லை. ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் எலியா, பத்திரிகை நிருபனான என்னைத் தனியே அழைத்தார். நிலபுலம் உள்ளவர், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்கும் எல்லைப் போராட்டத்துக்கு இங்கே அவர்தான் தலை. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுதலை செய்த அறிக்கைக்கு இந்த மாதம் நூறு வருடம் ஆகிறது. இருபத்தாறாம் தேதி ஆலய முற்றத்தில் விழா. அடிமை வம்சத்தில் ஒருவரை மேடையேற்றி, இன்று நாம் எல்லோரும் ஒரே தமிழர் என்று சொல்ல வைக்க வேண்டுமாம்.

"சுகிர்தபாய் பேசுவா. நம்ம பறம்புல கெடக்கவதானே."

சுகிர்தபாய் எலியாவின் தோட்டத்தில் குடிசையில் இருக்கும் விதவை, கூலிக்காரி. அவள் பாட்டனை வயலோடு சேர்த்து வாங்கியது எலியாவின் குடும்பம். ஊருக்கே தெரியும். யாரும் சொல்வதில்லை.

ஜூன் 17

அவள் குடிசைக்குப் போனேன். போன வருடத்து ஓலை, கறுத்து இற்றுக் கிடக்கிறது. சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்கு அடியில். வருடந்தோறும் மழைக்கு முன்னால் எலியா வீட்டிலிருந்துதான் ஓலை வரும். குடியிருப்பவர் சொந்தமாக ஓலை வாங்கி மேய்ந்தால் குடிசைக்கு உரிமை கேட்பதாக அர்த்தம்; அன்றே இறக்கிவிடுவார்கள். இந்த வருடம் ஓலை வரவில்லை.

"விழாவுல பேசு, பொறவு தாறேன்னு சொல்லிப்போட்டாரு சாரே."

பேசப் போகிறாயா என்று கேட்டேன்.

"மழைகிட்ட கேளும்" என்று சிரித்தாள்.

நான் தமிழ்நாட்டோடு இணைவதை விரும்புகிறவன். போன ஆகஸ்டில் இந்தப் போராட்டத்தில் போலீசாரால் சுடப்பட்டவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய் எழுதியவன். இந்த விழாவில் ஏதாவது பிசகினால் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் தூக்கிப் பிடிக்கும். தெரியும். அதற்காக ஒருத்தி நனைந்துகொண்டு காத்திருக்க வேண்டுமா?

ஜூன் 20

மழை. ஓலை போகவில்லை.

ஜூன் 26

நல்ல கூட்டம். ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவர் குறிப்பெடுத்தார். போதகர் அடிமை ஒழிப்பின் வரலாற்றை இங்கிலாந்தில் தொடங்கி, மேற்கிந்தியத் தீவுகள், அமெரிக்க உள்நாட்டுப் போர் எல்லாம் சுற்றி எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு சுகிர்தபாயை மைக்கின் முன் நிறுத்தினார்கள்.

"எனக்க பாட்டன விட்டாச்சுன்னு நூறு வருசம் முந்தி சொன்னாவளாம். ஐயா ஓலை தந்தா எனக்கு வீடு, தராட்டா மழை. நான் விட்ட ஆளா, விடாத ஆளா? அத சொல்லிப்போட்டு, பொறவு தமிழான்னு கேளுங்க."

எலியா எழுந்தார்.

"எறங்குட்டீ கீழ."

"எறங்குதேன் ஐயா. மேடைக்கு மேல கூரை நல்லா உண்டு, அதான் நின்னுபோட்டேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். எலியா அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி மாலை பஸ்ஸில் அனுப்பினேன்.

ஜூன் 28

பத்திரிகை வந்தது. "சுகிர்தபாய் நன்றி கூறினார்."

நன்றியா? எவன்டே சொன்னான் நன்றின்னு? நான் எழுதினதுல அப்படி ஒரு சொல் உண்டா? ஆசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன். "நேரம் சரியில்லை, மாநில எல்லைகளைப் பிரிக்கும் கமிஷன் அறிக்கை வரப்போகிறது, உமக்குத் தெரியாததா" என்கிறார். தெரியும். அதுதான் எரிகிறது.

ஜூலை 3

எலியாவின் ஆட்கள் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். நான் போனபோது அடுப்புக் கற்கள் மட்டும் மழையில் கிடந்தன. களியக்காவிளையில் இருக்கும் தன் தம்பி ஜெயசிங் வீட்டுக்குக் கதவைச் சுமந்துகொண்டு போனாளாம். கதவு அவள் செய்வித்தது.

அக்டோபர் 10

கமிஷன் அறிக்கை வெளியாகிவிட்டது. களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு. நெய்யாற்றின்கரை இல்லை, பாறசாலையும் இல்லை. எலியாவின் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள்.

"நம்மகிட்ட ஒரு வாக்கு கேட்டானுவளா?" என்றார் எலியா. "மண்ணோட சேத்து ஆளையும் குடுத்துப்போட்டானுவ."

சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன்.

1956 நவம்பர் 2

புது எல்லையைத் தாண்டிக் களியக்காவிளைச் சந்தைக்குப் புறப்பட்டேன். வழியில் எலியா நிறுத்தினார்.

"அவளுக்குக் கூரை உண்டாமா?"

சுகிர்தபாய் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதைச் சொன்னேன்.

"உண்டுன்னு சொல்லும். தம்பிக்க மூணு செண்டு மண்ணுல. ஓலை நான் வாங்கினது ஆக்கும்." ஒருவருக்குக் கிழங்கை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "இதயாவது சொன்னபடி பேப்பருல போடுவாவளா சாரே?"

தெரியாது என்றேன். சொன்னபடியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.